சீக்குப் புத்தகம் எழுதியவர்

நாடி பிடிக்கும்போதுகூட அவர் ஓரிடத்தில் நிற்க மாட்டார். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இரண்டடி சன்னல் பக்கம் போவார், இரண்டடி கதவுப் பக்கம் வருவார். நோயாளியும் கையை நீட்டிக்கொண்டு கூடவே நகர வேண்டும். புதிதாக வந்தவர்கள் இது ஏதோ வைத்திய முறை என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதில் எப்போதும் யாராவது காய்ச்சல்காரன்தான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கிள்ளானிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் அவர் டிரெசர், ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் உதவி வைத்தியர். பெரிய டாக்டர் மாதத்துக்கு இரண்டு முறை மோட்டாரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் முந்நூறு பேருடைய காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரசவம், வெட்டுக்காயம் அத்தனைக்கும் இவர் ஒருவர்தான். நான் அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி. துரை சொல்வதை எழுதுவது, எழுதியதைத் தட்டச்சு செய்வது என் வேலை. என் சித்தப்பா அதே தோட்டத்தில் மரங்களில் பால் வெட்டினார். நானும் என் அம்மாவும் இருந்த வீட்டுக்கும் அவருடைய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

லயத்து ஜனங்கள், வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள், முதுகுக்குப் பின்னால் அவரை 'அப்புறம் ஐயா' என்பார்கள். காரணம் இருந்தது.

"ஐயா, மூணு நாளா காய்ச்சலுங்க."

"கொயினா தரேன். நாளைக்கு வேலைக்குப் போகக் கூடாது. அப்புறம்?"

"அப்புறம் என்னாங்க ஐயா?"

"நாளைக்கு வேலை இல்லை. நாளைக்குச் சோறு? உன் பெண்டாட்டி பால் வெட்டுக்குப் போனா உன்னை யார் பார்த்துக்கிறது? இது இன்னும் ஒரு வாரம் இழுத்துச்சுன்னா?"

மருந்து வாங்க வந்தவன் முழிப்பான். அவர் அவனுக்காகவே கேட்டதுபோலவும் இருக்காது. கூரைக்கு மேலே இருக்கும் யாரிடமோ கேட்பதுபோல இருக்கும். பிறகு மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு அவன் கூடவே லயம் வரைக்கும் நடந்து போய், பக்கத்து வீட்டுக்காரியிடம் கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு வருவார்.

அவருக்குக் குடும்பம் இருந்ததா என்பது எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரே ஒரு தடவை, நான் கேட்காமலே சொன்னார். "எங்க அப்பா கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரெயில் ரோட்டுக்குக் கல் உடைச்சார். ஒரு நாள் உடைக்க முடியலை. அடுத்த வாரம் கோட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டோம்." அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

கன்னியம்மா விஷயம் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. அவள் புருஷன் விஷக்காய்ச்சலில் போனபோது வயிற்றில் ஐந்து மாதம். பத்து வயதில் பெரியம்மா ஒருத்தியோடு கப்பலேறி வந்தவள். அந்தப் பெரியம்மாவும் இல்லை. பிள்ளை பிறந்தது, சட்டப்படி கொடுக்க வேண்டிய ஓய்வு நாட்கள் கொடுக்கப்பட்டன, அது முடிந்த மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதுதான் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வாளியும் கத்தியுமாக வந்து நின்றாள். நிற்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டிரெசர் எங்கிருந்துதான் வந்தாரோ, நேரே போய் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கினார்.

"யார் உன்னை வரச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க ஐயா. நாள் முடிஞ்சு போச்சு, வந்தேன்."

"நாள் முடிஞ்சா உடம்பு தேறிடுமா?"

"பிள்ளைக்குப் பால் சுரக்கணும்னா நான் திங்கணுங்க ஐயா. திங்கணும்னா நான் பால் வெட்டணும். நீங்களே சொல்லுங்க, எந்தப் பாலை விடுறது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கங்காணிகூடச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் படுக்கை கொடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டால் தோட்டம் சோறு போட வேண்டும் என்பது விதி. பிரசவ ஓய்வை நீட்டிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. காய்ச்சல் என்று எழுத அதிகாரம் உண்டு. மூன்று வாரம் காய்ச்சல் என்று எழுதினார். அந்த மூன்று வாரமும் கன்னியம்மா வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், பிள்ளை கொழுகொழு என்று ஆனது. பார்க்கப் போன என் அம்மா, "காய்ச்சல்காரி மாதிரியா இருக்கா?" என்று என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள்.

அவர் அதை எழுதிய புத்தகத்துக்குப் பதிவேடு என்று பெயர். லயத்தில் சீக்குப் புத்தகம் என்பார்கள். முன்பிருந்த டிரெசர்கள் ஏனோதானோவென்று கிறுக்கி வைத்த புத்தகம் அது. இவரும் வந்த புதிதில் அப்படித்தான் எழுதினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மாறியது.

ஞாயிறுகளில் கிள்ளான் பாசாருக்கு நடந்தே போவார். அங்கே ஒரு ராவுத்தர் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருக்கும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கிளறி, பிடித்ததை எடுத்துக்கொண்டு வருவார். அன்று கருவாட்டு வாடை அடிக்கும் தாள் ஒன்றை என் முன்னால் விரித்தார்.

"தம்பி, இதைப் படி. நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாரு."

படித்தேன். ஐரோப்பாவில் ஏதோ ஏரிக்கரைப் பட்டணத்தில் பல நாட்டு அரசாங்கத்தார், முதலாளிமார், தொழிலாளர் தரப்பினர் எல்லாரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நிலத்தில் பாடுபடுகிறவர்களுக்கும் நோய் வந்தால் வைத்தியமும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஒரு தொகையும் உரிமையாகக் கிடைக்க வேண்டும், இதற்குக் கீழே எந்த நாடும் போகக் கூடாது என்று தீர்மானம் செய்திருக்கிறார்கள்.

"உரிமைன்னுதானே போட்டிருக்கு? தருமம்னு இல்லையே?"

"உரிமைன்னுதான் ஐயா போட்டிருக்கு. ஆனா கடைசி வரியைப் பார்த்தீங்களா?"

கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது. குடியேற்ற நாடுகளில் அந்தந்த ஆட்சியாளர்கள் உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"உள்ளூர் நிலைமைன்னா என்ன தம்பி?"

"நாமதான் ஐயா" என்றேன், விளையாட்டாக.

அவர் சிரித்தார். அபூர்வமாகச் சிரிப்பார் என்பதால் நினைவிருக்கிறது. ஆனால் உடனே எழுந்து ஆபீஸ் தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். "குறைஞ்சபட்சம் இவ்வளவுன்னு ஒண்ணு வெச்சா அது எல்லாருக்கும் ஒண்ணாத்தானே இருக்கணும்? ஊருக்கு ஊர் மாத்திக்கலாம்னா அதுக்கு எதுக்குக் குறைஞ்சபட்சம்னு பேரு?" மேலும் கீழுமாக நடந்து, மறுபடி என் மேசைக்கு வந்தார். "என்னிக்காவது ஒரு நாள் அங்கேயிருந்து ஒருத்தன் இங்க வருவான் தம்பி. உங்க ஆளுங்க வருஷத்துல எத்தனை நாள் சீக்கா விழுறாங்க, எதனாலேன்னு கேப்பான். அப்பக் கையில பதில் இருக்கணும்."

அன்றிலிருந்து சீக்குப் புத்தகம் அச்சடித்ததுபோல் ஆனது. ஆளுக்கு ஒரு பக்கம். எந்தத் தேதி, என்ன நோய், எத்தனை நாள் படுக்கை. பக்கத்தின் அடியில் மொத்த நாட்கள், சிவப்பு மையில். கன்னியம்மாவின் மூன்று வாரமும் அதில் கூட்டப்பட்டிருந்தது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்றால் எழுந்திருக்கவே இல்லை. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். புகைக்கூண்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் புகை வந்தது. சுற்றியுள்ள தோட்டங்களில் ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பேச்சு. ஒரு மத்தியானம் துரை என்னைக் கூப்பிட்டார். தோட்டத்துத் துரைமார்களுக்கென்று ஒரு தமிழ் உண்டு, அதில் சொன்னார்.

"டிரெசர் புத்தகம் கொண்டு வா. இருபது ஆள் கப்பலுக்கு. யாருக்குச் சீக்கு ஜாஸ்தியோ அவன் முதல்."

நான் வேலியைத் தாண்டிப் போய்க் கேட்டேன்.

"துரை கேட்டாரா?" என்றார் டிரெசர். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அவரேவா கேட்டார்?" புத்தகத்தை எடுத்து, மேலட்டையைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். "போன வருஷத்து மொத்தமும் போட்டு வெச்சிருக்கேன்னு சொல்லு. சிவப்பு மையில பார்க்கச் சொல்லு."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் எழுதியிருந்த அழகுக்கு, பட்டியல் போட ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை.

மறுநாள் பெயர்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டன. அவர் வந்தார். சுவரை ஒருமுறை பார்த்தார், பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து பட்டியலின் நகலைக் கையில் எடுத்தார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் உதடு அசைந்தது. கடைசிப் பெயருக்கு வந்ததும் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. இருபதாவது பெயர் கன்னியம்மா.

"யார் எழுதினது?"

"நான்தான் ஐயா. துரை சொன்னபடி."

"எதைப் பார்த்து?"

அவருடைய புத்தகம் என் மேசைமேல்தான் இருந்தது.

"சொந்த ஊருக்குத்தானே ஐயா அனுப்புறாங்க. டிக்கெட்டும் இலவசம்" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"எந்த ஊரு? அவளுக்கு அங்க யார் இருக்கா? அந்த ஊர்ல கிணறு எங்க இருக்குன்னுகூட அவளுக்கு ஞாபகம் இருக்காது." குரல் உயரவில்லை. துரையின் அறைக்குள் போனார். நான் ஒரு கடிதம் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார். சீக்குப் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போனார்.

துறைமுகத்துக்கு லோரி வந்த அன்று அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மேலே ஏறி உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் கொயினாப் பொட்டலம் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்து முடித்தபின், மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார். கன்னியம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்பலகையோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கப்பல்ல பிள்ளைக்குத் தலை சுத்துமாங்க ஐயா?" என்று கேட்டாள்.

"சுத்தாது. உனக்குத்தான் சுத்தும். எலுமிச்சம்பழம் வெச்சுக்கோ" என்று இரண்டு பழத்தை எடுத்துக் கொடுத்தார். லோரி கிளம்பியது. மண் ரோட்டில் கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே வேகமாக நடந்தார். பிறகு நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை. சீக்குப் புத்தகத்தில் பெயர் ஏறினால் கப்பல் என்பது லயத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. காய்ச்சல்காரன் காய்ச்சலோடு வெட்டினான். வாந்தியெடுத்தவள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். அவர் பையில் மருந்தைப் போட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் போக ஆரம்பித்தார். நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணை இழுத்துப் பார்ப்பார், மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். எழுத மாட்டார். விடிந்ததிலிருந்து பால் எடுக்கும் நேரம் வரைக்கும் வரிசை வரிசையாக நடப்பார். அவருடைய வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை சேறாகவே இருந்தது.

புத்தகத்தில் பக்கங்கள் காலியாகக் கிடந்தன. துரைக்குச் சந்தோஷம். "டிரெசர், நல்ல வேலை. தோட்டம் ரொம்ப சுகம்" என்று என் காது படப் பாராட்டினார்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. பிறகு முனுசாமி செத்தான். நல்ல வெட்டுக்காரன், முப்பது வயதிருக்கும். நான்கு நாளாகக் காய்ச்சல். பல்வலி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. டிரெசர்தான் முதலில் பார்த்தார். அன்று காலையில்கூட அவனுக்கு மாத்திரை கொடுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் வாசலில் நடந்தார்.

"படுக்க வெச்சிருக்கணும் தம்பி. நாலு நாள் படுத்திருந்தா பிழைச்சிருப்பான்."

"நீங்க என்ன ஐயா பண்ணுவீங்க? அவன்தானே மறைச்சான்."

"என்கிட்ட மறைக்கலை. நான்தான் மறைச்சேன். படுக்க வெச்சா எழுதணும். எழுதினா கப்பல். சரி, எழுதலை. இப்போ?" கொஞ்சம் காப்பி மண்ணில் சிந்தியது. "அடுத்த பட்டியல் வருதாமே?"

வரத்தான் இருந்தது. இன்னும் பத்துப் பேர். பழைய மொத்தத்தை வைத்தே எடுத்துவிடச் சொல்லித் துரை என்னிடம் சொல்லியிருந்தார்.

"நாளைக்குக் கோலாலம்பூர் போறேன். தொழிலாளர் விஷயத்தைப் பார்க்கிற அதிகாரிகிட்டப் புத்தகத்தைக் காட்டப் போறேன். நீயும் வா. முதல் பட்டியலை நீ எப்படிப் போட்டேன்னு சொன்னாப் போதும்."

சரி என்றேன். நிஜமாகவே போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் பயம் வந்துவிட்டது. வேலை போனால் எங்கே போவது? அம்மாவை எங்கே வைப்பது? கம்பளியை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். அம்மா வாசலில் போய்ச் சொன்னாள். அவர் உள்ளே வந்தார். புத்தகம் கக்கத்தில் இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ஒரு தடவைதான் அவர் நாடி பிடித்தபோது அசையாமல் நின்றதை நான் கண்டது. என் உடம்பு பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டுக் கிடந்தது.

"காய்ச்சல்தான்" என்றார் அம்மாவிடம். "மூணு நாள் படுத்திருக்கட்டும்."

தனியாகவே ரெயிலேறிப் போனார்.

அங்கே நடந்ததை வெகுநாள் கழித்து அவரே சொன்னார். அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் தோட்டம் இந்த வட்டாரத்திலேயே ஆரோக்கியமான தோட்டம்போல இருக்கிறதே என்றாராம். இவர், "அதைச் சொல்லத்தான் சார் வந்தேன். இந்தக் காலிப் பக்கம் எல்லாம் பொய். நான் எழுதின பொய்" என்றாராம். பிறகு ஒவ்வொரு காலிப் பக்கத்தையும் திருப்பி, இது இன்னாருக்கு இத்தனை நாள் காய்ச்சல், இது இன்னாருக்குச் சீதபேதி என்று வாயால் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அதிகாரி பாதியில் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாராம்.

இரண்டு வாரத்தில் அதிகாரி தோட்டத்துக்கு வந்தார். துரையோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்னைக் கூப்பிட்டு, முதல் பட்டியலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எதைப் பார்த்து எழுதினாய் என்றார். சீக்குப் புத்தகத்தைப் பார்த்து என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. பத்துப் பேர் பட்டியல் நின்றது. இனிமேல் போக விரும்புகிறவர்களை மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. பொய்ப் பதிவேடு வைத்திருந்ததாக டிரெசருக்குச் சீட்டுக் கிழித்தார்கள். அது உண்மைதானே, அவரே ஒப்புக்கொண்டது. ஒரு தகரப் பெட்டியோடு நடந்து போனார். லயத்து ஜனங்கள் ரோட்டோரம் நின்றார்கள். சிலர் இருமிக்கொண்டு நின்றார்கள், மறைக்காமல்.

மூன்று வருஷம் கழித்து நான் தோட்டத்தை விட்டுவிட்டு, கோலாலம்பூரில் ஒரு மரவாடியில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் அவரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ரெயில்வே கோட்டர்ஸ் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கலக்கிக் கொடுத்த மருந்தை நோயாளி குடித்தானா என்று பார்க்க வீடு வீடாகப் போய்க்கொண்டும் இருந்தார். கடைக்காரருக்கு அதில் வருத்தம்தான். ஆனால் மருந்து விற்றது.

தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அம்மா சுகமா?" என்றார். நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல இருந்தது. ரெயில் தண்டவாளத்தை ஒட்டி இரண்டு பேரும் நடந்தோம். அவரோடு பேசுவதென்றால் நடக்கத்தான் வேண்டும். மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், நேராக ஆரம்பித்தேன்.

"ஐயா, அந்த முதல் பட்டியல்ல எங்க சித்தப்பா..."

"ஏழாவது" என்றார்.

நான் நின்றுவிட்டேன்.

"உன் சித்தப்பாவுக்கு நாப்பத்தாறு நாள். ஏழாவதா வரணும். வரலை. அதனால எட்டாவது ஏழாச்சு, இருபத்தொண்ணு இருபதாச்சு. நான் போட்ட கூட்டல் எனக்குத் தெரியாதா?"

கன்னியம்மா இருபத்தோராவது ஆள். பட்டியலில் வந்திருக்க வேண்டியவள் அல்ல. சித்தப்பாவின் பெயரை நான் விட்டேன்; எண்ணிக்கைக்கு அவளை இழுத்துப் போட்டேன். மூன்று வருஷம் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

"அன்னிக்கே தெரியும்னா ஏன் ஐயா கேக்கலை? துரைகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன ஆகும்? உன்னை வெளியே தள்ளுவான். உன் சித்தப்பாவைக் கப்பல்ல ஏத்துவான். அவளை இறக்கி விடுவானா? இருபதுக்கு இருபத்தொண்ணா அனுப்பியிருப்பான்." வேகமாக நடந்தார், நான் ஓட வேண்டியிருந்தது. "நீ மட்டும்தானா? அந்த மூணு வாரத்தை நான் காய்ச்சல்னு எழுதலைன்னா அவ இருபத்தொண்ணா வந்திருக்கவே மாட்டா. நாப்பதுக்குக் கீழே எங்கேயோ கிடந்திருப்பா. ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க."

போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "அவளுக்கு மூணு லெட்டர் போட்டேன், துறையூர்ப் பக்கம் அந்தக் கிராமத்துக்கு. பதில் இல்லை. உன் எழுத்து ஆபீஸ் எழுத்து மாதிரி இருக்கும். நீ எழுதினா தபால்காரன் மதிச்சுக் கொண்டு போய்க் கொடுப்பான்" என்றார்.

மருந்துக்கடை மேசையில் வைத்தே எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை. இருக்கிறாயா, பிள்ளை எப்படி இருக்கிறது, யாரோடு இருக்கிறாய் என்று நான்கு வரி. அடியில் அவருடைய முகவரி.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் ரப்பர் விலை கொஞ்சம் ஏறித் தோட்டங்கள் மறுபடி ஆள் கேட்க ஆரம்பித்திருந்தன. அந்தச் செய்தி கடல் தாண்டி அவள் ஊருக்கும் போயிருக்க வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்த கடிதம், பென்சில் எழுத்து. அவர் ஒருமுறை படித்தார். கடைக்குள்ளேயே நடந்துகொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

'டிரெசர் ஐயா அவர்களுக்குக் கன்னியம்மா எழுதிக்கொண்டது. நானும் பிள்ளையும் சுகம். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இங்கே வந்ததிலிருந்து ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. தோட்டத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்வி. என் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லவும்.'

அவ்வளவுதான். யாரோடு இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், ஒன்றும் இல்லை.

"அவ உடம்பு எப்படின்னு நாம கேக்கவே இல்லையே?" என்றார். நான் தலையாட்டினேன். "பதில் எழுது" என்றார்.

"என்னன்னு ஐயா?"

"வரலாம்னு எழுது. உடம்பு நல்லாயிருந்தாலும் வரலாம், இல்லாட்டியும் வரலாம்னு எழுது."

நான் பேனாவை மையில் தொட்டேன். தோட்டங்கள் ஆள் கேட்க ஆரம்பித்ததுமே ஒரு தோட்டத்தில் அவளுக்காக விசாரித்து வைத்திருந்தேன். ஆள் வேண்டும், பெண்ணாளும் சரி என்றார்கள். நாகப்பட்டினத்திலும் இங்கே துறைமுகத்திலும் டாக்டர் பார்ப்பார். உடம்பு திடமாக இருந்தால்தான் சீட்டு. அவரும் அதை அறிவார், எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவர்தான். மேசைக்கு எதிரே நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரலாம் என்று எழுதினேன். எந்தத் தோட்டம், யாரைப் பார்க்க வேண்டும், கப்பலில் பிள்ளைக்கு என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் எல்லாம் எழுதினேன். உடம்பு சரியில்லாவிட்டாலும் வரலாம் என்ற அந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. அதற்கு ஒரு வரி இடம் விட்டுவிட்டுக் கீழே தேதியைப் போட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார், காலியாக இருந்த அந்த வரியைப் பார்த்தார், தானும் அதை நிரப்பாமல் மடித்து உறைக்குள் வைத்தார்.